சில்லறைப் பஞ்ச காலத்து வியாபாரிச் சீட்டுகள்

கையில் ரூபாய் நோட்டு இருந்தும் காலணாவுக்கு உப்பு வாங்க வழியின்றி ஜனங்கள் கடைவாசலில் நின்ற காலம் ஒன்று உண்டு. 1939 முதல் 1945 வரையில் நடந்த இரண்டாவது உலக யுத்தத்தின்போது, முக்கியமாக 1942, 1943 ஆகிய இரண்டு வருஷங்களில், இந்தியா முழுவதும் சில்லறை நாணயத்துக்குப் பெரும் முடை ஏற்பட்டது. அச்சமயம் பல ஊர்களில் கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் மோட்டார் பஸ் நடத்துவோரும் தங்கள் பெயரும் முத்திரையும் பொறித்த சிறு அட்டைகளையும் சீட்டுகளையும் சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்து வியாபாரத்தை நடத்தி வந்தனர். சர்க்கார் வெளியிடாத, சட்டப்படி நாணயம் என்ற பெயரும் பெறாத அச்சீட்டுகளைத் தேடிச் சேர்ப்பது இன்று பலருக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கிறது. ஆயினும் அதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது சரியன்று. ஓர் ஊரில் யாருடைய வாக்கு எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று என்பதற்கு அச்சீட்டே அத்தாட்சி. நம்பிக்கையையே மூலதனமாகக் கொண்டு நடைபெறும் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை அறிந்திருப்பது மிகவும் பயன்தரும்.

காலணாக் கணக்கு

இக்காலத்து இளைஞர் பலருக்கு அணாக் கணக்குப் பழக்கமில்லை. 1957-ஆம் வருஷத்தில் ரூபாயை நூறு நயா பைசாவாகப் பிரிக்கும் வரையில், ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்கு நான்கு காலணா, அல்லது பன்னிரண்டு தம்பிடி. ஆகவே ஒரு ரூபாயில் 64 காலணாவும், 192 தம்பிடியும் அடங்கும். உப்பு, கீரை, வெற்றிலை, நெருப்புப்பெட்டி முதலிய ஏழையின் அன்றாடச் செலவுகள் யாவும் காலணாவிலும் அரையணாவிலுமே நடந்தேறின. ஆதலால் சில்லறை முடை வசதியுள்ளவனுக்கு ஓர் அசௌகரியம் மாத்திரமே. கூலிக்காரனுக்கோ அது அன்றைய அடுப்பைப் பற்றிய விஷயம்.

சில்லறை மறைந்த விதம்

சில்லறை மறைந்ததற்கு ஒரே காரணம் கூறுவது பொருந்தாது. நான்கு காரணங்கள் ஒன்றுசேர்ந்தன.

முதலாவது காரணம் பயம். 1940-ஆம் வருஷத்தின் நடுவில் ஐரோப்பாவில் பிரான்ஸ் தேசம் வீழ்ந்த செய்தி கேட்டதும், ஜனங்கள் நோட்டுகளைக் கொடுத்து வெள்ளி ரூபாய்களை வாங்கிப் பதுக்கலாயினர். அவ்வருஷம் ஜூன் மாதத்தில், சொந்தத் தேவைக்கும் தொழில் தேவைக்கும் மிஞ்சி நாணயம் சேர்ப்பது இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றமாக்கப்பட்டது. ஒரு ரூபாய் நோட்டும் அதே வருஷத்தில் மறுபடி வழக்கத்துக்கு வந்தது. 1942-இல் ரங்கூன் வீழ்ந்தது. அவ்வருஷம் ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டணத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்டனர். சென்னைவாசிகளில் பெருந்தொகையினர் நகரைவிட்டு வெளியேறினர். இத்தகைய வேளையில் கையிலுள்ள உலோகக் காசைச் செலவழிக்க எவனும் விரும்பமாட்டான்.

இரண்டாவது காரணம் உலோகத்தின் விலையேற்றம். செம்பும் நிக்கலும் யுத்தத் தளவாடங்களுக்கு வேண்டியவை. காசில் அடங்கிய உலோகத்தின் விலை, காசின் மதிப்பை நெருங்கும்போது, அது சந்தையைவிட்டுப் பானைக்கும் உலைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

மூன்றாவது காரணம் நோட்டுப் பெருக்கம். யுத்தத் தொடக்கத்தில் ஏறக்குறைய 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், யுத்த முடிவில் 1,100 கோடிக்கு மேல் உயர்ந்தது. நோட்டுகள் பெருகப் பெருக, அவற்றை மாற்றுவதற்கு வேண்டிய சில்லறையும் பெருகவேண்டும். அவ்வளவு வேகத்தில் அது பெருகவில்லை.

நான்காவது காரணம் டங்கசாலைகளின் வேலைப் பளு. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த டங்கசாலைகள் போதாமல், 1943-இல் லாகூரிலும் நாணயம் அடிக்கத் தொடங்கினர்.

இம்முடையைத் தீர்க்க சர்க்கார் எடுத்த முயற்சிகளை அக்காலத்து நாணயங்களே காட்டும். வெள்ளி ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்காக இருந்த வெள்ளி, 1940-இல் பாதியாகக் குறைக்கப்பட்டது. 1942 முதல் அரையணா, ஓரணா, இரண்டணா ஆகியவை நிக்கல் கலந்த பித்தளையில் வெளிவந்தன. 1943-இல் நடுவில் துவாரமுள்ள ஓட்டைக் காலணா வந்தது. அதன் எடை பழைய காலணாவின் எடையில் பாதிக்கும் குறைவு. பெரியோர் பலர் வீட்டில் இன்றும் காணப்படும் அந்த ஓட்டைக் காலணா, செம்பை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடேயாகும்.

இந்நாணயங்கள் போதுமான அளவில் ஊர்களுக்கு வந்து சேரும் வரையில், இடைவெளியை ஜனங்களே நிரப்ப வேண்டியிருந்தது. சிலர் தபால் தலைகளைச் சில்லறையாகக் கொடுத்து வாங்கினர். ஜூனாகத், நவாநகர், பிகானீர், பூந்தி முதலிய சமஸ்தானங்கள் காலணா, அரையணா மதிப்புள்ள சிறு கூப்பன்களை அட்டையிலும் காகிதத்திலும் அச்சிட்டன. இலங்கை அரசாங்கம் 1942-இல் ஐந்து சத நோட்டு ஒன்றை வெளியிட்டது. அதனை நடுவிலுள்ள துளை வரிசையில் கிழித்தால் இரண்டு சதமும் மூன்று சதமுமாகப் பிரிந்து வழங்கும். அரசாங்கங்களே இவ்வாறு செய்யும்போது, ஊர்க் கடைக்காரன் தன் பெயரில் ஒரு சீட்டுக் கொடுத்தது வியப்பன்று.

வாலாஜாபேட்டையும் தோல் தொழிலும்

அக்காலத்தில் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்து, இன்று 2019-இல் ஏற்பட்ட இராணிப்பேட்டை ஜில்லாவைச் சேர்ந்தது வாலாஜாபேட்டை. நாணய சரித்திரம் இப்பகுதிக்குப் புதிதன்று. பாலாற்றின் தென்கரையிலுள்ள ஆற்காட்டின் பெயரால் ஆற்காட்டு ரூபாய் வழங்கியது. அதனை நவாபின் அனுமதி பெற்று ஆங்கிலேயர் சென்னையிலும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் அடித்தனர். வெளியூரில் அடிக்கப்பட்ட போதிலும், ஆற்காட்டின் பெயர் இருந்தமையால் அது நெடுந்தூரம் செல்லுபடியாயிற்று. பெயரிலுள்ள நம்பிக்கையே காசை நடத்துகிறது என்பதற்கு இதைவிட அருகில் வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் திறக்கப்பட்டது. பின்னர் அப்பாதை மேற்கே நீண்டது. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய இடங்களில் தோல் பதனிடும் தொழில் ஓங்கி வளர்ந்தது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தென்னிந்தியத் தோல், இரண்டு உலக யுத்தங்களிலும் படைவீரர்களின் பூட்ஸுக்குப் பயன்பட்டது. யுத்தத்தால் வேலை பெருகும் இடத்தில் கூலியும் சிறு சிறு தொகைகளாகப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். ஆகவே இத்தகைய தொழிற்பகுதிகளையே சில்லறை முடை கடுமையாகத் தாக்கும்.

உதாரணமாக, ஒரு தொழிலாளிக்கு வாரக் கூலி இரண்டு ரூபாய் பதினோரு அணா என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ரூபாயை நோட்டாகக் கொடுத்துவிடலாம். மீதிப் பதினோரு அணாவுக்குச் சில்லறை இல்லையென்றால் மூன்று வழிகளே உண்டு. பாக்கி என்று கணக்கில் எழுதி அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம். பலருடைய பாக்கியைச் சேர்த்து ஒரே நோட்டாகக் கொடுத்து, அவர்களுக்குள் பிரித்துக்கொள்ளச் சொல்லலாம். அல்லது பக்கத்துக் கடையில் செல்லும் சீட்டைக் கொடுக்கலாம். முதல் வழியில் தொழிலாளி காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் சச்சரவு நேரிடும். மூன்றாவதில் அவன் குறிப்பிட்ட ஒரு கடைக்கே கட்டுப்பட்டவனாகிறான்.

சீட்டு என்பது கடனே

வியாபாரிச் சீட்டை வாங்கிக்கொண்ட வாடிக்கைக்காரன், தான் அறியாமலே அவ்வியாபாரிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவனாகிறான். ஒரு கடைக்காரர் ஓரணாச் சீட்டு 500 வெளியிட்டால், ஊரார் அவருக்கு 31 ரூபாய் 4 அணா கடன் கொடுத்ததாக ஆகிறது. அவற்றுள் பத்தில் ஒரு பங்கு கிழிந்தும் தொலைந்தும் திரும்பி வராமற்போனால், 3 ரூபாய் 2 அணா அவருக்கு மிச்சம். அவர் கடையை மூடிவிட்டாலோ, நஷ்டம் முழுவதும் சீட்டு வைத்திருப்பவர்களைச் சேரும். அவர்களிலும் ஏழைகளே அதிகம். யோக்கியமான வியாபாரி கொடுத்த சீட்டு அடுத்த கடையிலும் மறுப்பின்றிச் செல்லும். நம்பிக்கையற்றவனின் சீட்டு அவன் வாசற்படியைத் தாண்டாது. ஆகையால் ஒரு சீட்டு எத்தனை கடைகளில் செல்லுபடியாயிற்று என்ற செய்தி, அச்சீட்டைக்காட்டிலும் மதிப்புள்ளது. அச்செய்தி சீட்டில் அச்சிடப்பட்டிராது. அதை அறிந்தவர் வாயிலிருந்தே பெறவேண்டும்.

பிற தேசத்து அனுபவம்

இத்தகைய சீட்டுகளும் வில்லைகளும் பல தேசங்களில் தோன்றியுள்ளன. இங்கிலாந்தில் சர்க்கார் செப்புக்காசு போதாமையால், 1787-இல் ஆங்கிள்ஸி தீவிலுள்ள பாரிஸ் சுரங்கக் கம்பெனி தன் சொந்தப் பென்னியை அடித்து வெளியிட்டது. எந்த ஊர்களில் கேட்டால் பணம் கொடுக்கப்படும் என்பது அவ்வில்லையின் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அதைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான வியாபாரிகள் வில்லை வெளியிட்டனர். ஜேம்ஸ் காண்டர் என்பவர் 1798-இல் அவற்றை ஊர்வாரியாக வகுத்து ஓர் அட்டவணை பிரசுரித்தார். இன்றும் அவ்வில்லைகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. வெளியிட்ட வியாபாரிகளில் பலர் மறக்கப்பட்டனர். பதிவு செய்தவரின் பெயர் நிலைத்தது.

அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தத்தின்போது, 1862-இல், ஜான் கால்ட் என்பவர் தபால் தலையைச் சிறு பித்தளைக் கூட்டில் வைத்து, அப்பிரகத் தகட்டால் மூடிச் சில்லறையாக வழங்கச் செய்தார். கூட்டின் பின்புறம் வியாபாரிகளின் விளம்பரத்துக்கு உதவியது. இலங்கையில் கொழும்பு வேகந்த ஆலையின் பெயரால் ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனி 1843-இல் நாலரைப் பென்ஸ் மதிப்புள்ள வில்லையை வெளியிட்டது.

இது பழங்கதை மாத்திரமன்று. 2007-ஆம் வருஷத்தில் நாணயங்கள் உலோகத்துக்காக எல்லை கடந்து கடத்தப்பட்டமையால், அஸ்ஸாமில் சில தேயிலைத் தோட்டங்கள் தொழிலாளருக்குச் சில்லறைக்குப் பதிலாக அட்டைத் துண்டுகளைக் கொடுக்க நேர்ந்தது. 1943-இல் காலணாவுக்கு நேர்ந்த கதியே மறுபடியும் நேர்ந்ததென்று கூறலாம்.

சட்டம் கூறுவது

தனியார் உலோகத் துண்டுகளை நாணயம்போல் வழங்குவதையும், வழங்கும் நோக்கத்தோடு செய்வதையும் வைத்திருப்பதையும் 1889-ஆம் வருஷத்து உலோக வில்லைச் சட்டம் தடுத்தது. கேட்டவுடன் கொண்டுவந்தவருக்குப் பணம் தருவதாக வாக்களிக்கும் சீட்டைத் தனியார் வெளியிடலாகாது என்று 1934-ஆம் வருஷத்து ரிஸர்வ் பாங்குச் சட்டம் விதிக்கிறது. 1889-ஆம் வருஷத்துச் சட்டம் 2011-ஆம் வருஷத்து நாணயச் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆயினும் அத்தடை புதிய சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. ஆகவே யுத்த காலத்து இந்தியச் சீட்டுகளில் உலோகத்தைவிட அட்டையும் காகிதமும் மிகுதியாகக் காணப்படுவதிலும், பணம் தருவதாகக் கூறாமல் சாமான் தருவதாகக் கூறும் வாசகங்கள் இருப்பதிலும் வியப்பில்லை. பழைய சீட்டுகளைச் சேகரித்து வைப்பது குற்றமன்று. புதிதாகச் செய்து வழங்குவதே குற்றம். நிலத்தைத் தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால், 1878-ஆம் வருஷத்துப் புதையற் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைப்பது நலம்.

உண்மைச் சீட்டை அறிதல்

பழம்பொருளுக்கு விலை ஏறியவுடன் போலியும் தோன்றும். தமிழ் எழுத்துள்ள சீட்டைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் இன்றைய வடிவம், 1978-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்ட சீர்திருத்தத்துக்குப் பின்னரே பொதுவாக வழக்கத்துக்கு வந்தது. 1935 முதல் குடி அரசுப் பத்திரிகை புதிய வடிவங்களில் சிலவற்றை உபயோகித்ததுண்டு. மற்ற அச்சுக்கூடங்களில் அவை அபூர்வம். ஆகவே 1943 என்று தேதியிட்ட சீட்டில் அணா என்ற சொல்லின் கடைசி எழுத்து பழைய சுழி வடிவில் இல்லாமல் இன்றைய வடிவில் இருந்தால், அதனைச் சந்தேகிக்க வேண்டும். தபால் குறியீட்டு எண் 1972-இல் வந்தது. மாகாணத்தின் பெயர் 1969-இல் தமிழ்நாடு என்று மாறியது. யுத்த காலத்துச் சீட்டில் இவை காணப்பட்டால் அது போலி என்பதில் ஐயமில்லை.

ஹோட்டல் சாப்பாட்டுச் சீட்டு, பஸ் டிக்கட், ரேஷன் கூப்பன், தொழிற்சாலை வாயிலில் கொடுக்கும் ஆள் அடையாள வில்லை ஆகியவை வேறு வகை. சில்லறைக்குப் பதிலாகக் கைமாறியதா என்பதே பிரித்தறியும் கேள்வி.

பதிவு செய்யும் முறை

சேகரிப்பவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பின்வரும் விவரங்களை எழுதிவைத்தல் வேண்டும்.

1. சீட்டிலுள்ள எழுத்துகள், எண், முத்திரை, கையொப்பம் ஆகியவை, உள்ளது உள்ளபடி.
2. அளவு, நிறம், அட்டையா காகிதமா உலோகமா என்ற விவரம்.
3. எவரிடமிருந்து, எந்த ஊரில், எந்தத் தேதியில் கிடைத்தது.
4. கொடுத்தவர் கூறிய விவரம்: எந்தக் கடை, எவ்வளவு காலம் வழங்கியது, வேறு எவர் ஏற்றனர், கடைசியில் பணமாக மாற்றப்பட்டதா.
5. கூறியவர் நேரில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா.

ஐந்தாவது விவரத்தைப் பலர் விட்டுவிடுகின்றனர். கண்டதும் கேட்டதும் ஒன்றாகக் கலந்தால், பிற்காலத்தில் எதையும் நம்ப இயலாது.

தேடவேண்டிய இடம் நாணய வியாபாரியின் கடை மாத்திரமன்று. பழைய மண்டிகளின் பேரேடுகள், கடைச் சிட்டைகள், ஹோட்டல் பெட்டியடி, பஸ் ஆபீஸ் அலமாரி, பாட்டிமாரின் சுருக்குப்பை, கணக்குப் புத்தகத்தின் அட்டையிடுக்கு ஆகிய இடங்களிலேயே இவை தங்கியிருக்கும். பேரேட்டில் சீட்டு வகையில் எழுதப்பட்ட பற்றுவரவு ஒரு வரி கிடைத்தாலும், அது பத்துச் சீட்டுக்குச் சமமான சாட்சி.

பாதுகாக்கும் முறை

உலோக வில்லையைப் புளியாலோ சாம்பலாலோ துலக்கலாகாது. துலக்கினால் எழுத்துத் தேயும், மதிப்பும் போகும். விளிம்பைப் பிடித்தே கையாள வேண்டும். காகிதச் சீட்டைப் பசையிட்டு ஒட்டுவதும், ஒட்டு நாடா இடுவதும், பிளாஸ்டிக் உறைக்குள் சூடிட்டு மூடுவதும் கூடாது. அமிலம் சேராத வெண்மையான காகித உறையில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தலே போதும். தோல் தொழில் நடக்கும் இப்பகுதியினர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தோல் பையிலும் தோல் உறையிலும் நாணயத்தை நெடுநாள் வைத்தால், பதனிடும்போது தோலில் தங்கிய அமிலமும் உப்பும் உலோகத்தை அரித்துப் பச்சை பிடிக்கச் செய்யும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

1943-இல் பத்து வயதுச் சிறுவராகக் கடைக்குச் சென்று சீட்டு வாங்கியவர் இன்று தொண்ணூறு வயதைக் கடந்தவர். அவரிடம் கேட்கவேண்டியதை அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்கலாகாது. சீட்டு ஒரு பெட்டியில் நூறு வருஷம் கிடக்கும். அதனை யார் ஏற்றார், யார் மறுத்தார் என்ற ஞாபகம் ஒருவரோடு போய்விடும். ஞாபகம் போனபின் சீட்டு வெறும் அட்டைத் துண்டே.

இவ்வேலைக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒவ்வொரு சங்கமும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எழுதத் தெரிந்த இளைஞர் இருவரை நியமித்து, ஊரிலுள்ள முதியோரிடம் விசாரித்து எழுதச் செய்யலாம். சங்கத்தின் பழைய கணக்குப் புத்தகங்களைப் பழங்காகிதத்துக்கு எடைபோடுமுன், அவற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கும்படி நிர்வாக சபை தீர்மானிக்கலாம். சீட்டுகளை உடையவர் கொடுக்க விரும்பாவிடில் வற்புறுத்தவேண்டாம். இரு பக்கமும் படம் எடுத்து, விவரம் எழுதிக்கொண்டு, பொருளை அவரிடமே விட்டுவிடுவது நன்று.

முன்னாளில் கிராமக் கடன் சங்கங்களை ஐக்கிய நாணய சங்கம் என்று அழைத்தனர். நாணயம் என்ற சொல் தமிழில் காசையும் குறிக்கும், வாக்குத் தவறாமையையும் குறிக்கும். சங்கத்தில் அங்கத்தினரின் பாக்கி அவர் பெயரில் புத்தகத்தில் ஏறுகிறது. பொதுச் சபையில் படிக்கப்படுகிறது. ஒருவர் கடையை மூடிவிட்டதால் அது அழிந்துபோவதில்லை. சில்லறைப் பஞ்சத்தில் சீட்டு வாங்கிய ஏழைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கொடுத்தவரின் குணமே அவனுக்குப் பாதுகாப்பு. அக்குணம் எங்கெங்கு நிலைத்தது, எங்கெங்கு தவறியது என்பதை எழுதிவைத்தல், அச்சீட்டுகளை வாங்கிப் பிழைத்த முன்னோருக்கு இக்காலத்து அங்கத்தினர்கள் செலுத்தவேண்டிய பாக்கியாகும்.